வாசலில் நிறுத்திய பீஸம்

யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் ஹெதர் செடிக் குச்சிகளைக் கட்டிச் செய்கிற விளக்குமாற்றுக்குப் பீஸம் என்று பெயர். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய சொல். ஆதியில் அது வெறும் குச்சிக்கட்டு; அதை வைத்துப் பெருக்கவும் செய்தார்கள், முதுகில் சாத்தவும் செய்தார்கள். பிற்பாடு வாய் நீளமான பொம்பளைக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். வைத்தது யார்? ஆம்பிளைகள்தான், வேறு யார்!

டோர்கஸ் கார்பட் அங்கே ஓர் ஊரின் பீஸம். சேற்றுக் காலோடு எவன் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, அவன் பரம்பரையையே இழுப்பாள். புருஷன் ஐசக், வயல்களுக்குக் கல்வேலி அடுக்குகிறவர், வாயில்லாப் பூச்சி. அவள் தங்கை வீட்டுக்குப் போகிற நாளில் மட்டும் பீஸத்தை வாசலில் தலைகீழாக நிறுத்துவார். வீட்டுக்காரி ஊரில் இல்லை, தைரியமாக வாருங்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கொல்லன் ஏமஸும் ஆடு மேய்க்கும் ரூபனும் பீர் ஜாடியோடு வந்து சேர்வார்கள். டோர்கஸ் திரும்பி வந்து புகையிலைச் சாம்பலைப் பார்த்து ஒரு வாரம் திட்டுவாள்.

போன குளிர்காலத்தில் ஐசக் நெஞ்சுச்சளி கண்டு இறந்துபோனார். அடக்கத்தன்று வந்து பன்றித்தொடைக்கறி சாப்பிட்டுப் போனவர்கள்தான். அப்புறம் ஒருவரும் அவள் வாசலை மிதிக்கவில்லை. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பயம். வீட்டுக்காரிதான் வீட்டிலேயே இருக்கிறாளே! டோர்கஸ் அடுப்பைத் திட்டினாள், பூனையைத் திட்டினாள். பதிலுக்கு முனகவாவது ஓர் ஆள் வேண்டாமா? தனிமை அவளைத் தின்றது. வாருங்கள் என்று யாரையும் கூப்பிட, அத்தனை நீள வாய்க்கு வரவில்லை.

வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பீஸத்தைக் கொண்டுவந்து வாசலில் தலைகீழாகச் சாத்தினாள். உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வெளியே ஏமஸின் குரல் கேட்டது.

"டேய் ரூபா, பீஸம் நிக்குதுடா!"

"கெழவி தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கும்."

"அப்ப வச்சது யாரு? ஐசக் எந்திரிச்சு வந்தானா?"

கதவு திறந்தது. இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"அம்மா... தெரியாம வெளிய வச்சிட்டீங்களா?" என்றான் ஏமஸ்.

"தெரியாம வைக்க எனக்கென்ன கிறுக்கா? வழக்கம் மறந்துபோச்சா உங்களுக்கு?"

"அது... வீட்டுக்காரி இல்லாதப்பதானே..."

"வீட்டுக்காரர் இல்லாதப்ப வைக்கக் கூடாதோ?" டோர்கஸின் குரல் உடைந்தது. "அவருதான் இல்லியேப்பா. உள்ள வாங்க."