அந்த மௌனத்துக்கு அடுத்த மெட்டு

அந்தக் காணொளியை இன்றும் யாராவது எனக்கு அனுப்பி வைக்கிறார்கள். பள்ளியில் என்னோடு பணிபுரியும் ஆசிரியைகள், பழைய மாணவிகள், ஆவடிப் பக்கத்து உறவினர்கள். 'உங்க தம்பிதானே இது!' என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக நிற்கும். நான் நன்றி சொல்லிவிட்டு மூடிவிடுவேன். பெரும்பாலும் முழுவதும் பார்ப்பதில்லை.

தலையில் தொழிற்சாலை ஹெல்மெட்டும் இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கியுமாக ஒருவன் கிதாரைப் பிடித்தபடி அசையாமல் நிற்பதில் அது தொடங்குகிறது. ஒலியே இல்லை. பிறகு என் தம்பியின் குரல் வருகிறது, பிறகு அரங்கம் முழுவதும் சிரிப்பு. அதற்கு முன்னால் அந்தக் கிதார்க்காரன் என்ன வாசித்தான் என்பது அதில் இல்லை. அதற்குப் பின்னால் என்ன வாசிக்கவிருந்தான் என்பது எதிலுமே இல்லை.

என் தம்பி பாடகன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை; மாலையானால் ராக் இசை. கிதார் வாசித்தவன் அவனோடு தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த நண்பன், ஐயப்பன்தாங்கலிலிருந்து வருவான். தகடு வெட்டும் பிரஸ் ஷாப் ஒன்றில் ஃபிட்டர். மூன்றாமவன் எங்கள் தெருக்காரன். நீல நிறத் தண்ணீர் டிரம்மையும் பேக்கரித் தட்டுகளையும் உண்மையான டிரம்ஸோடு சேர்த்துக் கட்டி அடிப்பவன். குழுவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரை மேடையில் அறிவிப்பவர்கள் ஒருமுறை தயங்கிவிட்டுத்தான் சொல்வார்கள். பாடல்களின் சொற்களை நான் செப்பனிட்டுத் தந்தேன். தண்ணீர் லாரிக்கு ஒரு காதல் பாட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒரு தாலாட்டு, நான்காவது முறையாகத் தோண்டப்படும் எங்கள் தெருவுக்கு ஓர் ஒப்பாரி. எதுகை சரியாக அமைந்தால்தான் சிரிப்பும் சரியாக விழும் என்பதை அந்த மூவரிடம்தான் நான் கற்றேன்.

சிரிப்புக்கு அடியில் அந்தக் கிதார் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது வேறொரு உலகம். கம்பிகளுக்கிடையே இரும்பறுக்கும் ஹேக்ஸா பிளேடைச் செருகி நாகஸ்வரத்தின் இழைவைக் கொண்டுவருவான். காபி டம்ளரைக் கிதாரின் கழுத்தில் உருட்டுவான். ரயில் அம்பத்தூர் நிலையத்துக்குள் நுழையும்போது எழும் அந்த நீண்ட கீச்சொலி கேட்கும். கம்பிகளில் துணிக் கவ்விகளை மாட்டிவிட்டு வாசித்தால் யாரோ தூரத்தில் பாத்திரம் அடுக்குவது போலிருக்கும். விரல்களின் வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. ஆனால் கவ்வியை எடுத்து மாட்டும்போதே மக்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவனும் சிரிப்பான். அப்படிச் சிரிக்கையில் கண்கள் மட்டும் கம்பியைவிட்டு நகராது.

குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதை 'முட்டுக் கொடுப்பது' என்பார்கள். மேடையில் ஒருவன் தடுமாறினால், வரியை மறந்தால், கம்பி அறுந்தால், அவையோர் அதை உணர்வதற்குள் மற்றொருவன் ஒரு வேடிக்கையைச் செய்து தாங்கிவிட வேண்டும். தாங்கப்பட்டவன் அந்த வேடிக்கையோடு சேர்ந்துகொள்ள வேண்டும்; கோபிக்கவோ விளக்கவோ கூடாது. பருத்திப்பட்டு ஏரியருகே ஒரு விழாவில் மைக் செத்துப்போனபோது பிறந்த வழக்கம் அது. என் தம்பி ஓசையின்றி வாயை மட்டும் அசைக்க, கிதார்க்காரன் அந்த வாயசைவுக்கேற்பத் தண்ணீர் லாரியின் ஹாரனை வாசித்தான். ஏரிக்கரையில் நடைபயிற்சிக்கு வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அன்றுமுதல் மேடையில் அவர்கள் பயமில்லாமல் நின்றார்கள் என்றால், விழுந்தால் பிடிக்க ஆள் உண்டு என்ற நம்பிக்கையால்தான்.

ஒரு ஞாயிறு பிற்பகல். பயிற்சிக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் தம்பியும் டிரம்ஸ்காரனும் பிரியாணி வாங்கப் போயிருந்தார்கள். கிதார்க்காரன் மட்டும் இருந்தான். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு வாசிக்கிறேன். சிரிக்காம கேப்பியா?"

"உன்னைப் பாத்து நான் எப்படா சிரிச்சேன்?"

"நீ சிரிக்க மாட்டே, அதான் உங்கிட்ட வாசிக்கிறேன். அவனுங்க வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

உள்ளங்கையால் கம்பிகளை அழுத்திக்கொண்டு தொடங்கினான். பிரஸ் ஷாப்பின் ஓசை. ஒரு பெரிய எந்திரம், அதற்கு எதிர்த்தாளமாக இரண்டு சிறியவை, எங்கோ ஒரு கிரைண்டர். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு மனிதனின் இரண்டு கைகளிலிருந்து இத்தனையும் வருவதை நம்ப முடியாமல் நான் கத்தியைக் கீழே வைத்தேன். எல்லாம் உச்சத்தில் இருந்தபோது, சட்டென்று நின்றது.

முடிந்துவிட்டதென்று நினைத்துப் பேச வாயெடுத்தேன். அவனுடைய வலது கை கம்பிகளுக்கு மேலே, காற்றில், ஒரு பறவையின் நிழல்போல நின்றிருந்தது. அதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். வீட்டில் அதுவரை இல்லாத ஓசைகள் எனக்குக் கேட்டன: மின்விசிறி, அடுத்த வீட்டுக் குழாய், என் மூச்சு. நெடுநேரம் கழித்து அந்தக் கை இறங்கியது. மிக எளிய ஒரு மெட்டு வந்தது. எந்திரங்களுக்கு அடியில் அது தொடக்கத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. அது புரிந்த கணத்தில் என் கண்கள் நிறைந்தன. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டேன்.

"கரண்ட் போவும்ல அக்கா," என்றான் அவன். "மொத்த ஷாப்பும் அப்படியே நின்னுடும். ஜெனரேட்டர் போடற வரைக்கும் ஒருத்தனும் பேச மாட்டான். காக்கா கத்தறது கேக்கும். அந்த நேரத்துல எனக்குள்ள ஒரு பாட்டு ஓடும். அதான் இது."

அடுத்த நிகழ்ச்சியில் இதை வாசிக்கப்போவதாகச் சொன்னான். தொழிற்பேட்டைக் குடும்பங்களுக்காக ஒரு திருமண மண்டபத்தில் ஏற்பாடான மாலை விழா அது. அவனோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் வருவார்கள். அந்த ஓசையை அறிந்தவர்கள் அந்த ஓசையின்மையையும் அறிவார்கள் என்று அவன் எண்ணினான். ஒரே ஒருமுறை, சிரிப்பில்லாமல், முழுவதும் கேட்கப்பட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

"தம்பிகிட்ட சொல்லிடட்டுமா?" என்றேன்.

"வேணாங்கா. சோலோன்னு மட்டும் சொல்லிக்கிறேன். அவனும் அங்கயே ஃபர்ஸ்ட் டைம் கேக்கட்டும். அவன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு நான் பாக்கணும்."

அந்த ஆசையில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் நான்காவது வரிசையில் இருந்தேன். அவன் தொடங்கியதும் வழக்கம்போலச் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு தானாகவே அடங்கிற்று. என் முன்னால் அமர்ந்திருந்த ஒருவர் தாளத்துக்கேற்பத் தொடையில் தட்டியவர், தட்டுவதை மறந்து முன்னால் சாய்ந்தார். உச்சம் வந்தது. நின்றது.

கை காற்றில் இருந்தது. நான்காவது வரிசையிலிருந்து அது எனக்குத் தெரிந்தது. மேடையின் முன்விளிம்பில் அவனுக்கு முதுகு காட்டி நின்ற என் தம்பிக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், நண்பன் பாதியில் நின்றுவிட்டான் என்பதும், ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதும்தான். மைக்கைப் பிடித்தான்.

"இன்னா மச்சான், கரண்ட் போச்சா?"

மண்டபம் வெடித்தது. எந்திரங்களோடு வாழ்பவர்கள் நிறைந்த அவையில் அதைவிடப் பொருத்தமான வேடிக்கை இருந்திருக்க முடியாது. அந்த மௌனத்தின் உண்மையான பெயரை என் தம்பி தன்னையறியாமல் சொல்லிவிட்டான். சொன்னதனாலேயே அதைக் கலைத்துவிட்டான்.

"உன் ஸ்பீடு தாங்காம டிரான்ஸ்ஃபார்மரே பட்த்துக்கிச்சா மாமே? யாருனா போயி ஜெனரேட்டர் போடுங்கப்பா!"

டிரம்ஸ்காரன் வாயால் ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்பினான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். முன்னால் இருந்தவர் மீண்டும் தொடையில் அடித்துக்கொண்டார். நான் மேடையையே பார்த்திருந்தேன். அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. அவன் என் தம்பியின் முதுகைப் பார்த்தான். பிறகு, குழுவின் வழக்கப்படி, சிரித்தான். கை இறங்கியது. தண்ணீர் லாரியின் ஹாரனை வாசித்தான்.

நிகழ்ச்சி முடிந்து மண்டபத்துக்கு வெளியே மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் தம்பி அவன் தோளில் கைபோட்டுச் சொன்னான்: "இன்னா நைனா, நடுவுல மறந்துட்டியா? நான் மட்டும் முட்டுக் குடுக்கலேன்னா மானம் போயிருக்கும்."

"ஆமா மச்சான். டக்குனு மறந்துடுச்சு," என்றான் அவன்.

பேருந்து நிறுத்தம்வரை நான் அவனோடு நடந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவன் சொன்னான்: "அவன்கிட்ட சொல்லிடாதேக்கா. நல்லதுன்னுதான் பண்ணான். தெரிஞ்சா அடுத்த தபா யாராவது வுழும்போது யோசிப்பான். யோசிச்சா அவனால காமெடி பண்ண முடியாது."

"அப்ப உன் பாட்டு?"

"வேற மேடை இல்லாமலா பூடும்?"

வேறு மேடைகள் வந்தன. வந்ததுதான் கேடு. யாரோ எடுத்த அந்தக் காணொளி ஊரெல்லாம் சுற்றியது. கல்லூரிகளிலிருந்து அழைத்தார்கள், மேடையேறியதுமே "கரண்ட் போச்சா! கரண்ட் போச்சா!" என்று கூவினார்கள். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவன் அந்தப் பிரஸ் ஷாப்பை எழுப்பி, உச்சத்துக்குக் கொண்டுபோய், நிறுத்தினான். ஒவ்வொரு முறையும் என் தம்பி அதே வரியைச் சொன்னான். நாளடைவில் எந்திரங்களின் பகுதி குறுகிற்று, சிரிப்பை விரைவில் அடைவதற்காக. இரண்டு சிறிய எந்திரங்களும் போயின. கிரைண்டரும் போயிற்று. மௌனம்கூடக் கூவலுக்கிடையே காணாமற்போனது. தான் கட்டிய வீட்டைத் தானே ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்றிக் கொடுப்பவனைப்போல அவன் முகம் சுளிக்காமல் நின்றான். பிறகு ஒருநாள், ஷிப்ட் மாறிவிட்டது, பயிற்சிக்கு வர முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டான்.

அவன் விலகிய பிறகுதான் என் தம்பியிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து கை கழுவினான். அன்றே ஐயப்பன்தாங்கலுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் சோர்ந்திருந்தது.

"இன்னாடா சொன்னான்?"

"உடு மச்சான், ஜனம் சிரிச்சுதுல்ல, அது போதும்ங்கறான்." சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டியபடி, "திட்டியிருந்தாகூடத் தேவலக்கா. கோழிக்கொழம்பு ஊத்திச் சோறு போட்டு அனுப்பறான்," என்றான்.

குழு அதற்குப் பிறகு நீடிக்கவில்லை. என் தம்பி இப்போதும் வேடிக்கையாகப் பேசுபவன்தான். ஆனால் கூட்டத்தில் யாராவது பேச்சை நிறுத்தினால், முன்போல உடனே இட்டு நிரப்பமாட்டான். அவர்கள் வாயைப் பார்த்துக் காத்திருக்கிறான். நண்பன் அஞ்சியது அப்படியே நடந்தது.

சென்ற மாதம் ஓர் உறவினரைப் பார்த்துவிட்டு ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்துக்கு நின்றிருந்தேன். "அக்கா!" என்று ஒரு குரல். சாப்பாட்டுப் பையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். என் தம்பி எப்படியிருக்கிறான் என்று விசாரித்தான். கிதாரைப் பற்றிக் கேட்டேன்.

"ஊட்லதான் கீது. பரண்மேல."

"அந்தப் பாட்டு?"

"எந்தப் பாட்டு? ஓ, அதுவா." சிரித்தான். "நின்ன எடம் வரைக்கும் நெனப்பு கீது. அதுக்கப்புறம் இன்னா வரும்னு எனக்கே மறந்து போச்சுக்கா."

உலகில் அதை முழுவதும் கேட்டவள் நான் ஒருத்தி. ஆகவே, பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்த அந்த இடத்தில், இசை பயிலாத என் குரலில், எனக்கு நினைவிருந்த மட்டும் அதை மெல்ல முணுமுணுத்தேன். மூன்றாவது திருப்பத்தில் தவறினேன் என்று எனக்கே தெரிந்தது. அவன் பேருந்துகளைப் பார்த்தபடி நின்றான். ஆனால் சாப்பாட்டுப் பையின் வாரைப் பிடித்திருந்த இடது கையில் விரல்கள் கம்பிகளை அழுத்துவதுபோல நகர்ந்தன. நான் தவறிய இடத்தில் அவை தவறாமல் மேலே ஏறி, திரும்பி, இறங்கி, எனக்கு நினைவில்லாத கடைசிச் சுரம்வரை போய் நின்றன.

அவனுடைய பேருந்து வந்தது. "வர்றேங்கா," என்று ஏறிக்கொண்டான். நான் மீண்டும் முணுமுணுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் மறுபடியும் தவறிற்று.