கீழப்பாவூர்க் கல்யாண வடையும் எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டியும்

இன்று மத்தியானம் எங்கள் வீட்டில் தயிர்வடை.

அந்த வடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இனி நீங்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டீர்கள். (அதற்காகத்தான் சொல்கிறேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, விருந்தாளிகள் வரும் காலம்.)

தென்காசியில் எங்களுடையது மாடி வீடு. ஹாலில் நின்று கையை நீட்டினால் அடுப்படி வந்துவிடும். நான், மனைவி செல்வி, யூகேஜி படிக்கிற வெண்ணிலா, மூன்று வயது முத்து. இத்தனை பேரோடு குப்பைத் தொட்டி வேறு இருந்தது. யாராவது ஒருவர் வெளியேற வேண்டிய நிலைமை.

தொட்டி போனது. (செல்வியின் முதல் தேர்வு நான்தான் என்று பிறகு தெரிந்தது.)

அன்றிலிருந்து வீட்டில் எதுவும் வீணாகக் கூடாது என்று சட்டம். காய்கறித் தோல் மொட்டைமாடிச் செடிக்கு. என் பழைய வேட்டி அடுப்படிக் கைப்பிடித் துணிக்கு. பேஸ்ட் ட்யூபைக் கத்தரியால் வெட்டி உள்ளே இருப்பதை வழித்துப் பல் துலக்குவோம். விசேஷ வீட்டுக்குப் போனால் தண்ணீர் குடிக்க ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், கூடவே ஒரு தூக்குச்சட்டி. எங்கள் இலையில் கைபடாத பலகாரம் மிஞ்சினால் சட்டிக்குள் போய்விடும்.

'எங்கள் இலையில்' என்பதைப் பிள்ளையிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று கீழப்பாவூரில் சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் வெண்ணிலா என் இலையைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, இந்த வடைய திம்பியளா, இல்ல வேஸ்ட்டா?"

"வேண்டாம்மா, வயிறு நெறஞ்சிட்டு."

வடை சட்டிக்குள் போனது. என்ன வளர்ப்பு என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையோடு பாயசத்துக்குள் இறங்கிவிட்டேன்.

"தாத்தா, ஒங்க வடைய திம்பியளா, இல்ல வேஸ்ட்டா?"

குரல் பக்கத்து இலையிலிருந்து வந்தது. நான் நிமிர்வதற்குள் பந்தியின் அந்தக் கோடி வரை போய்விட்டாள். சட்டி நிறைந்து வடை எட்டிப் பார்க்கிறது. பின்னாலேயே முத்து, மூடியை ஏந்திக்கொண்டு, கோயில் கொடைக்கு வசூலுக்கு வந்தவன் மாதிரி.

எனக்குப் பின்னால் ஒரு பெண்குரல்.

"பாவம், இன்னார் வீட்டுப் பிள்ளையளாம். நெலம என்னவோ, யாரு கண்டா."

கல்யாணத்துக்கு வந்திருந்த என் அக்கா அப்போது மணப்பெண்ணின் அறையில் இருந்தாள். அவள் காதுக்கு விஷயம் எட்டாது என்று நம்பினேன். (கீழப்பாவூரில் கைபேசி சிக்னல் கிடைக்காமல் போகலாம், இந்த மாதிரிச் செய்தி கிடைக்காமல் போகாது.)

இன்று காலை அக்காவும் அத்தானும் சிவகிரியிலிருந்து வந்து, அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நேரே எங்கள் வீட்டுக்கு ஏறினார்கள். அத்தான் தோளில் அரிசிச் சிப்பம். அக்கா கையில் பழந்துணி மூட்டை.

"ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கூடப் பொறந்தவ எதுக்குலே இருக்கேன்?"

"என்னத்தக்கா சொல்லணும்?"

"பச்சப் பிள்ளைய விட்டு வடை வாங்குதியாமே. அங்கன எல்லாரும் அதத்தான் பேசுதாவ."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. 'என் தம்பி நல்லா இருக்கான்' என்று ஊருக்குள் எனக்காக வாதாடுகிற ஒரே ஆள் அக்காதான். அவளும் கைவிட்டால் என் மானத்துக்கு வேறு வக்கீல் இல்லை.

"கஷ்டமெல்லாம் இல்லக்கா. குப்பையக் கொறைக்கோம், அவ்ளோதான்."

அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வெட்டிய பேஸ்ட் ட்யூப். வேட்டிக் கிழிசல். ஒரே தொட்டித் தண்ணீரில் குளிக்கும் இரண்டு பிள்ளைகள். அந்தத் தண்ணீரை வாளியில் மொள்ளும் செல்வி.

"தண்ணிக்குமா கஷ்டம்?"

"அது செடிக்குப் போவுதுக்கா."

"என்ன செடி?"

"கீரை."

"காய் வாங்கவும் வழியில்லாமப் போச்சா."

நான் வாய் திறக்கத் திறக்க ஏழையாகிக்கொண்டே போனேன்.

"மைனி, மொதல்ல சாப்பிடுங்க" என்று செல்வி அக்காவுக்கு இலை போட்டாள். சோறு, சாம்பார், கீரை. பிறகு தயிர்வடைப் பாத்திரத்தைத் தூக்கினாள். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். "கைபடாத வடைதான, தூரவா போடணும்?" என்று அவளும் கண்ணாலேயே கேட்டுவிட்டு வைத்தாள்.

அக்கா ஒரு வாய் வைத்தாள். முகம் தெளிந்தது. இன்னொரு வடை கேட்டு வாங்கினாள்.

"ஏட்டி செல்வி, பூ மாதிரில்லா இருக்கு. இப்பிடி வடை சுடுத வீட்ல என்னட்டி கஷ்டம்? பேசுனவளுவ வாய் அழுவிரும்."

மானம் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது.

அப்போது வெண்ணிலா ஈரத்தலையோடு அக்கா அருகில் வந்து நின்றாள்.

"அத்தை, அது மாமா வடை."

"எந்த மாமா?"

பிள்ளை அத்தானைக் கை காட்டினாள்.

நான் பல்லியைத் தேடுவதுபோலச் சுவரைப் பார்த்தேன். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர் எண்ணைப் பலகாரம் ஆகாதுன்னுட்டாருல்லா. பிள்ள வந்து கேட்டுச்சு, மனசக் கல்லாக்கிட்டு எடுத்துக் கொடுத்தேன்." சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எப்பிடியோ நம்ம வீட்டுக்கே வந்து சேந்துட்டு. தயிருல போட்டா எண்ணை இருக்காதுல்லா?"

அக்கா அவரைப் பார்த்தாள். வடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள் பாருங்கள், புரையேறி, செல்வி தலையைத் தட்டி, தண்ணீர் கொடுத்து, அப்புறமும் நிற்கவில்லை.

"இந்தக் கூத்துக்கா நான் ராத்திரியெல்லாம் அழுதேன்? போலே, சீரழிஞ்சவனே."

போகும்போது அரிசியைத் திருப்பித் தூக்கிக்கொண்டாள். பழந்துணி மூட்டையைச் செல்வி பிடுங்கிக்கொண்டாள். (கைப்பிடித் துணி. என் நல்ல வேட்டிகள் தப்பின.) படியில் பாதி இறங்கிய அக்கா நின்று திரும்பினாள்.

"ஏலே, அடுத்து சிவகிரில ஒரு வளைகாப்பு வருது. பிள்ளைய அனுப்பு. சட்டி கொஞ்சம் பெருசா குடுத்துவிடு."

ஆகவே, நேற்று அந்தப் பந்தியில் இருந்த சொந்தங்களுக்கு நன்றி. இன்னும் ஒரே ஒரு விவரம் மட்டும் வேண்டும்.

எல்லா வடையும் கைபடாத வடை. ஒன்றில் மட்டும் ஓரத்தில் லேசாகக் கடித்த தடம் இருந்தது.

அது யாருடையது? இன்பாக்ஸில் சொன்னாலும் போதும்.

(தின்றது நான்.)