அத்தை அறைக்கு எந்த நீலம்?

இன்று கள்ளக்குறிச்சி பெயிண்ட் கடைக்கு என் மாமியாரையும் அழைத்துப் போனோம். புது வீட்டில் முதன்முறையாக அவருக்கென்று ஓர் அறை. கண்புரை ஆபரேஷன் போன மாதம்தான் முடிந்தது.

கடைக்காரர் இரண்டு நீல அட்டைகளைக் காட்டினார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, இன்னா வித்தியாசம்?" என்றார் என் கணவர்.

அத்தை அட்டைகளை வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணாடா? இது காலையில வானம். அது மழைக்கு முன்னாடி கல்வராயன் மலை. உனக்குத்தான்டா கண்ணு ஆபரேஷன் பண்ணணும்!"

கடையே சிரித்தது.

"உங்களுக்கு எதுங்க அத்த புடிச்சிருக்கு?"

"என்னையா கேக்குற?" இரண்டு அட்டைகளையும் மறுபடி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "மலையையே அடிச்சிடு" என்றார்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

பஸ்ஸில் சின்னசேலம் வரைக்கும், "கதவுக்கு இன்னா கலரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

யோசனை இருந்தால் எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன். முடிவு மட்டும் அவருடையது.