லேட் ரிஜிஸ்டரில் யானை

விஜயா அக்கா இறந்துவிட்டார்...

எங்கள் ஸ்கூல் ஆபீஸ் கிளார்க். நேற்று காலை ஸ்டாஃப் ரூமில் செய்தி சொன்னார்கள். மாரடைப்பு. முந்தின நாள் சாயங்காலம்தான் "குடையை மறந்துட்டுப் போறீங்களே டீச்சர்" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

லேட்டாக வரும் பிள்ளைகள் முதலில் அக்காவிடம்தான் போக வேண்டும். ரிஜிஸ்டரில் பெயர், நேரம், காரணம் எழுத வேண்டும். எங்கள் பக்கம் வேறென்ன காரணம்... யானைதான்! ஓவேலி ரோட்டில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். முதல் பிள்ளை "ரோட்டில் யானை" என்று எழுதும், கீழே பத்துப் பேர் டிட்டோ போடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஊட்டியில் டீச்சர்களுக்கு இரண்டு நாள் ட்ரெயினிங். பிள்ளைகளின் மனநலத்தை ஸ்கூலில் எப்படிக் கவனிப்பது என்று. ஒரு டீச்சர் லீவு போட்டதால், எண்ணிக்கைக்காக அக்காவை அனுப்பினார் எச்.எம்.

நான் பெஞ்சுக்கு அடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. அக்கா மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு பிள்ளை கஷ்டத்தில் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். மார்க் குறையும் என்றோம். அக்கா எழுந்து, "லேட் ரிஜிஸ்டர்ல தெரியுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரித்தது நான்தான்... இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் பிளஸ் ஒன் நித்யா லேட். அவள் ஒருத்தி மட்டும். காரணம், யானை. மறுநாளும் யானை.

மூன்றாம் நாள் நானும் ஆபீசில் இருந்தேன். அதே ரோட்டில்தான் வந்திருந்தேன். எந்த யானை, எங்கே யானை? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

"யானை போற வரைக்கும் நின்னுக்கிட்டா இருந்த புள்ள? கால் வலிக்கும். இப்பிடி உக்காரு."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தார்.

அவள் போனதும் சண்டைக்குப் போனேன். "அவ பொய் சொல்றா, நீங்க டீ குடுக்கறீங்க!"

"பொய் சொல்லியாவது உள்ள வர்றாளே டீச்சர். அதையும் நிறுத்திட்டா எங்க போய்த் தேடறது?"

ஐந்தாம் நாள் நித்யாவே சொன்னாள். "யானையெல்லாம் இல்லக்கா... ஸ்கூல் கேட்டப் பாத்தாலே மூச்சு அடைக்குது. பஸ் ஸ்டாப்லயே உக்காந்திருக்கேன். நாளையிலிருந்து ஸ்கூலுக்கு வர மாட்டேன்."

அக்கா அறிவுரை சொல்லவில்லை. "நாளைக்கு நான் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். ரெண்டு பேரும் சேந்தே உள்ள போவோம்" என்றார்.

நின்றார். மழையிலும் நின்றார். ட்ரெயினிங்கில் கொடுத்த நம்பருக்குப் போன் செய்து, நித்யா அம்மாவுக்கு எஸ்டேட்டில் பேசி லீவு வாங்கி, இருவரையும் கவுன்சிலரிடம் கூட்டிப் போனதும் அக்காதான்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான்... ஆனால் நித்யா பிளஸ் டூ முடித்தாள். இப்போது கோவையில் நர்சிங் படிக்கிறாள்.

அடுத்த ட்ரெயினிங்குக்குக் கிளார்க், ஆயா, வேன் டிரைவர் எல்லோரையும் அனுப்பினார் எச்.எம். நான் போனை வெளியே எடுக்கவே இல்லை.

இன்று மதியம் அக்காவை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து, அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த சேர்களில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நித்யா ஓடி வந்தாள். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக் கிடைக்கவில்லை அவளுக்கு.

"ரோட்ல யானை டீச்சர்..." என்றாள்.

உண்மையா என்று நான் கேட்கவில்லை. பக்கத்துச் சேரை இழுத்துப் போட்டேன்.

"கால் வலிக்கும். இப்பிடி உக்காரு."

போய் வாருங்கள் அக்கா. நாளை காலை லேட் ரிஜிஸ்டரை நான் பார்த்துக்கொள்கிறேன்.