காலிக் கட்டம்

டிரேசர் அக்கா முப்பத்து நான்கு வருடம் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டே பழகியவர்.

இயந்திரத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் டிரேசர் வேலை. என்ஜினீயர் பென்சிலால் கிறுக்கித் தருவதை மையால் தெளிவாக எடுத்து வரைய வேண்டும். கிறுக்கலில் தப்பு இருந்தால் சத்தமில்லாமல் திருத்தியும் விடுவார். வலது கீழ் மூலையில் ‘வரைந்தவர்’ என்று ஒரு கட்டம். அதில் என்ஜினீயர் தன் பேரை எழுதிக்கொள்வார். இந்தக் கொள்ளைக்கு அங்கே அலுவலக நடைமுறை என்று பெயர்.

ஓய்வுக்குப் பிறகு ஒற்றை அறை வீடு. மேசைமேல் எழுபது, எண்பது வருடப் பழைய மாதிரி விமானம் ஒன்றின் வரைபடம். அதன்மேல் பால்சாக் குச்சிகளை ஊசி குத்தி நிறுத்தி ஒட்டுவார். பால்சா ரொம்ப லேசான மரம், நகம் பட்டாலே பள்ளம் விழும். எலும்புக்கூடு காய்ந்ததும் மெல்லிய தாளைப் போர்த்தித் தண்ணீர் தெளிப்பார். ஈரம் உலர உலரத் தாள் மேளத்தோல் மாதிரி விறைக்கும். என்ஜின் கிடையாது. வயிற்றுக்குள் விளக்கெண்ணெய் தடவிய ரப்பர் நாடா மட்டும். முறுக்கி விட்டால் அது அவிழும் வேகத்தில் முன்விசிறி சுழலும்.

தம்பி மாதம் ஒருமுறை போன் செய்வான்.

“இன்னும் அந்தக் குச்சியும் பசையும்தானாக்கா?”

“குச்சி எதிர்த்துப் பேசாதுடா.”

“அடுத்த மாசம் கண்டிப்பா நேர்ல வரேன்.”

“வா. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. உனக்கு அது, எனக்குக் கட்டில்.”

அடுத்த மாதமும் போன்தான் வந்தது.

ரப்பரை முறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விமானத்தைப் பிடிக்க, மற்றவர் நாடாவை ஐந்து மடங்கு நீளம் இழுத்து, கையால் சுற்றும் டிரில்லில் மாட்டி, முறுக்க முறுக்க நெருங்கி வர வேண்டும். அக்காவுக்குப் பிடிக்க ஆள் இல்லை. மூன்று பலகையில் ஒரு தாங்கி செய்து, மாதிரி விமானக் கிளப்பின் மைதானத்துக்குத் தூக்கிப் போனார்.

“என்னக்கா, மாப்பிள்ளையைக் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா?” கேட்டவர் கிளப்பின் செயலாளர், தொழில் பல் டாக்டர்.

“இவர் பிடிச்ச பிடியை விடமாட்டார். உங்க வீட்ல எப்படி?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக மைதானத்தின் ஓரத்துக்குப் போனார்.

அன்று பழைய மாதிரிகளுக்கான போட்டி. அதிக நேரம் பறக்கவிட்டவரின் பேர் கிளப் வாசல் பலகையில் பெயிண்டில் ஏறும். அக்காவுக்கு வேண்டியது அந்தப் பலகைதான். ஓரிடத்திலாவது தன் வேலைக்குத் தன் பேர் நிற்க வேண்டும்.

எண்ணூறு சுற்று முறுக்கிக் கையை விட்டார். விமானம் வட்டமிட்டு ஏறியது. ரப்பர் தீர்ந்து விசிறி நின்ற பிறகும் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. பதினோராவது நிமிடத்தில் கூரைகளுக்கு அப்பால் மறைந்தே போனது.

“அதிர்ஷ்டம்தான்க்கா உங்களுக்கு!”

“அதிர்ஷ்டமாவது மண்ணாவது. எந்தப் பக்கம் தரை சூடேறிக் காத்து மேல கிளம்புதுன்னு காலையிலேருந்து நின்னு பாத்துட்டிருக்கேன்.”

டாக்டர் படிவத்தை எடுத்தார். “பறக்குறப்பவே இறக்கையில உங்க பேர் இருந்துச்சுல்ல? இல்லாட்டி செல்லாது. சும்மா கேக்கணுமேன்னு கேக்குறேன்.”

இறக்கையின் வலது கீழ் மூலையில் அக்கா அழகாகக் கட்டம் போட்டிருந்தார். பேர் எழுதவில்லை. அதை நிரப்ப வேறொருவர் வருவார் என்று கை தானாகவே விட்டிருந்தது.

“கட்டம் போட்டிருக்கேன்” என்றார்.

“அப்ப சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள பிளேனைக் கொண்டுவந்து காட்டிடுங்க. பெயிண்டரை வரச் சொல்றேன்.”

காற்று போன திசையில் நான்கு நாள் நடந்தார். பட்டறைகள், லாரி நிறுத்தம், மொட்டைமாடிகள். நான்காம் நாள், ஒரு கிடங்கின் காவலாளி அறையில், ஆணியில் தொங்கியது விமானம்.

“அது என்னுதுங்க.”

“பேர் ஒண்ணும் இல்லையேம்மா. எப்படி நம்புறது?”

“இடது இறக்கையில மூணாவது குச்சி விரிசல். நூல் சுத்தி ஒட்டியிருக்கேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.”

காவலாளி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். தாளுக்குள் நூல் தெரிந்தது.

“அடேங்கப்பா! நீங்களே செஞ்சதா? செஞ்சவங்க பேரை எழுத வேணாமா?” என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

இப்போது எழுதினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா ஒவ்வொரு எழுத்தையும் அச்சு மாதிரி, நிதானமாக எழுதினார். முப்பத்து நான்கு வருடம் காலியாக விட்ட கட்டத்தில் முதல் முறை. பேனாவை மூடப் போனவர் நின்றார். முடிந்த வரைபடத்தில் ஒரு கோடு சேர்த்தாலும் பக்கத்தில் அன்றைய தேதி போட வேண்டும், அதுவும் வரைபடப் பிரிவின் விதிதான். பேரின் கீழே தேதியைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேதியை ஏன்க்கா போட்டீங்க? சும்மா விட்டிருக்கலாமே!”

“எழுதினது அன்னைக்குத்தானே.”

அவர் படிவத்தில் குறுக்கே கோடு இழுத்தார். அக்கா வரைந்த படங்களில் பேர் போட்டுக்கொண்ட என்ஜினீயர்களில் ஒருவருக்காவது இப்படி உறுத்தியதாகத் தகவல் இல்லை.

பெயிண்டர் வேறொருவர் பேரை எழுதத் தொடங்கினார். அக்கா மாப்பிள்ளையை மைதான ஓரத்தில் ஊன்றி, ரப்பரை முறுக்கினார். எல்லோரும் போன பிறகும் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். இறங்கிய இடத்துக்கு ஒவ்வொரு முறையும் தானே நடந்து போய், குனிந்து, கட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்து வந்தார்.