நமுத்த முறுக்கு

இன்று காலை மருமகள் நமுத்துப்போன முறுக்கை வெறும் வாணலியில் போட்டுப் புரட்டியபோது எழுந்த, எள்ளும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை, குளத்தூர்ப் பக்கத்தில் இப்போது வீட்டுமனையாகிவிட்ட எங்கள் ஓட்டுவீட்டின் அடுப்படிக்கே என்னைக் கொண்டுபோய் விட்டது.

என் சின்ன வயதில் ஒரு தீபாவளிக்கு இலங்கையிலிருந்து வருவதாக இருந்த அண்ணன் வரவில்லை. அவனுக்கென்று ஒரு டின் முறுக்கை எடுத்துவைத்திருந்த அம்மா, அடைமழை ஈரத்தில் அது நமுக்கத் தொடங்கியதும், தீயைத் தணித்து, சொட்டு எண்ணெய் விடாமல் மண்சட்டியில் மெல்லப் புரட்டி, சுளகில் பரப்பி, சூடு முழுக்க ஆறிய பிறகே டின்னை மூடுவாள். மறுபடி நமுக்கும், மறுபடி புரட்டுவாள். நானும் தங்கச்சியும் கேட்டால், "அண்ணன் வந்து கடிக்கையில நொறுக்குன்னு இருக்கணும்ல. அங்கிட்டுப் போங்க" என்பாள்.

கார்த்திகையில், அண்ணனோடு கடையில் வேலை பார்த்த திருவரங்குளத்துக்காரர் ஒருவர் அவன் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார்.

"தீபாவளிக்கு முன்னாடியே காய்ச்சல்ல போய்ட்டாருங்க ஆத்தா. எங்களால காப்பாத்த முடியல."

சாவு விழுந்த வீடென்று அன்று அடுப்பு மூட்டவில்லை. எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகும் தங்கச்சி பசியில் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்த டின்ன எறக்கு. பெட்டி கொண்டாந்த தம்பிக்கும் குடுத்து, நீங்களும் தின்னுங்க" என்றாள்.

முறுக்கு நமுத்திருந்தது. நாங்கள் மூவரும் சத்தமே எழாமல் மென்றோம். டின் காலியாகும்வரை அம்மா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.