வெளிறி போன வழி

லுவ்சானுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே யஞ்சிமா தேநீரை அடுப்பில் ஏற்றிவிட்டாள். கோபிப் பாலைவனத்தில் சத்தம் முதலில் வரும், ஆள் மெதுவாகத்தான் வருவான். அதற்குள் தேநீர் கொதித்து, உப்புப் போட்டு, ஒட்டகப் பாலும் ஊற்றிவிடலாம்.

"நாயப் பிடிங்க!" என்று வெளியே கத்தினான்.

அவளுடைய நாய் செத்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் யார் கூடாரத்துக்கு வந்தாலும் அப்படித்தான் கத்தவேண்டும், நாய் இல்லாத வீடென்று தெரிந்திருந்தாலும். வெறும் வீட்டை வெறும் வீடென்று சொல்லிக் காட்டுவது மரியாதை இல்லை.

"பிடிச்சாச்சு, வாடா!" என்றாள்.

லுவ்சான் குனிந்து உள்ளே வந்து, தொப்பியிலிருந்த மண்ணைத் தட்டாமலே உட்கார்ந்தான். இருபது மைலுக்கு அவன்தான் ஒரே அண்டைவீட்டுக்காரன். செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற குன்றும் அவன் பக்கத்தில்தான் இருந்தது. அதனால் நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற அவள் மகன் ஓச்சிர், அம்மாவுக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் இவனிடம் சொல்வான். இவன் அதைத் தன் கைச்சரக்கும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பான்.

"உன் மவன் காத்து அடங்கினதும் லாரியோட வர்றானாம் அக்கா. இந்தத் தடவையாவது டவுனுக்குக் கெளம்புவியா? இல்ல, போன தடவ மாதிரி டீயக் குடுத்து வெறும் லாரியத் திருப்பி அனுப்புவியா?"

"அதான் வரேன்னு சொல்லிட்டேனே. உனக்கு என்னடா அவ்வளவு அவசரம்?"

"எனக்கென்ன அவசரம்? நீ போயிட்டா இந்த மாதிரி தண்ணி டீய நான் எங்க போய்க் குடிப்பேன்?"

அவள் சிரிக்கவில்லை. "தம்தின் வந்தா வழி தெரியணுமில்ல? எலும்ப வச்சிட்டு வரணும்," என்றாள்.

லுவ்சான் கிண்ணத்தைப் பார்த்தான். அந்தப் பெயர் காதில் விழுந்தால் எல்லாரும் அப்படித்தான் எதையாவது பார்ப்பார்கள். செத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அந்தச் சனங்களின் வழக்கம். அவள் புருஷன் தம்தின் காணாமல் போன மறுவருஷமே ஊரில் ஒவ்வொருவராக அவன் பெயரை விழுங்க ஆரம்பித்தார்கள். யஞ்சிமா மட்டும் பிடிவாதமாக, தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும், தம்தின் தம்தின் என்றாள். அவள் பெயர் சொல்கிற வரை அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

உயிரோடு இருப்பவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டால் அதற்கும் ஊரில் பதில் இருந்தது. தங்கம் தோண்டுகிற இடத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருத்தியோடு போய்விட்டான் என்றார்கள். யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எல்லாரும் அந்தக் கடைக்காரியின் கம்மலைக்கூட வர்ணித்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். எட்டு வசந்தத்துக்கு முன்னால், மண்காற்று அடிக்கிற பருவத்தில், ஈனுகிற நேரம் நெருங்கிய ஒரு பெண் ஒட்டகம் மந்தையை விட்டுப் போய்விட்டது. வெளுத்த நிறம் என்பதால் அதை வெளிறி என்பார்கள். மேற்கே கருங்குன்றுகளுக்கு அப்பால் பிறந்து, ஒரு குதிரைக்கு மாற்றாக இந்த வீட்டுக்கு வந்தது. தம்தின் அதைத் தேடி மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். கிளம்புகிற நேரத்தில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. கோடையில் தங்கம் தோண்டப் போகலாமென்று இருக்கிறேன் என்று அவன் சொல்லிவைத்தான்.

"போ, போ. போனவன் அப்படியே இருந்துக்கோ. இங்க யாரும் அழப்போறதில்ல," என்றாள் யஞ்சிமா.

அவன் நீல அங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு போனான். மதியத்துக்குள் வானம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கூடாரக் கயிறுகள் அறுந்துவிடும் போல் இழுத்தன. மண் அடங்கியபோது மோட்டார் சைக்கிள் கிடைத்தது. லாரிப் பாதை ஓரத்தில், பெட்ரோல் தீர்ந்து, ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது. அவ்வளவு போதாதா ஊருக்கு? வண்டியை நிறுத்திவிட்டு லாரியில் ஏறிவிட்டான் என்று தீர்மானமாகிவிட்டது. பாதை நெடுகத் தேடினார்கள். சுரங்கத்தில் விசாரித்தார்கள். பாதைக்கு அந்தப் பக்கம் யாரும் அதிக தூரம் போகவில்லை.

வெளிறி மட்டும் சில நாள் கழித்துத் தானாகத் திரும்பி வந்தாள். மடி பால்கட்டி இறுகியிருந்தது. குட்டி இல்லை. ஓநாய் தின்றிருக்கும் என்றார்கள்.

அதிலிருந்து யஞ்சிமாவின் வாழ்க்கை காத்திருப்பதுதான். காலையில் தேநீரின் முதல் கிண்ணத்தைத் தம்தினின் இடத்தில் வைப்பாள். அது ஆறிய பிறகு எடுத்துத் தானே குடிப்பாள். எட்டு வருஷமாக அவள் சூடான தேநீர் குடித்ததில்லை. புல்லுக்காகக் கூடாரத்தை இடம் மாற்றும்போதெல்லாம், பழைய இடத்தில் கல்லைக் குவித்து, மேலே ஒட்டகத்தின் தோள்பட்டை எலும்பு ஒன்றைப் புதிய இடம் இருக்கும் திசை நோக்கி வைப்பாள். வந்தால் வழி தெரியட்டும். அவன் அந்தக் கடைக்காரியோடு இருக்கிறானா, எங்காவது விழுந்து கிடக்கிறானா என்பது தெரியாமல் இந்த இடத்தை விட்டு எப்படிப் போவது? ஓடிப்போனவனுக்குச் சாபம் கொடுக்கலாம். செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யலாம். இரண்டும் செய்யமுடியாமல் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது ஒரு பிழைப்பா?

கோடையில் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வந்து சிவப்புப் பாறைச் சரிவுகளில் தூரிகை வைத்து எலும்பு கூட்டுவார்கள். இங்கே ஒரு காலத்தில் ஏரியும் காடும் இருந்ததாம், வீடு உயரத்துக்குப் பல்லிகள் நடமாடினவாம். ஒரு தடவை அவர்களுக்குப் பால் விற்றுவிட்டு வந்து லுவ்சானிடம் பொரிந்து தள்ளினாள்.

"கோடி வருஷத்துக்கு முந்தி செத்த பல்லி என்ன தின்னுச்சுன்னு சொல்றானுங்கடா. என் வீட்ல இருந்து போன மனுஷன் எங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியல."

"பல்லி லாரியில ஏறிப் போகல அக்கா," என்றான் லுவ்சான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

வெளிறியோடும் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு போராட்டம் இருந்தது. மண்காற்று தொடங்கியதும் அவள் மேயாமல் மேற்கே பார்த்து நிற்பாள். பிறகு நடக்க ஆரம்பிப்பாள். ஒட்டகம் பிறந்த மண்ணை மறக்காது, விற்றாலும் மலை தாண்டித் திரும்பிப்போகும் என்பது கோபியில் குழந்தைக்கும் தெரியும். அவள் பிறந்த ஊர் மேற்கேதானே? ஆகவே முதல் வசந்தத்திலேயே யஞ்சிமா ஒட்டக மயிரில் கயிறு திரித்து அவள் முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டிவிட்டாள். "ஒருத்தன் போனது போதும். நீயும் பொறந்த வீட்டுக்குக் கெளம்பாத," என்று திட்டிக்கொண்டே கட்டுவாள். வெளிறி கட்டின காலோடு சிறிது தூரம் குதித்துக் குதித்துப் போவாள், பிறகு நின்று கதறுவாள். காற்றுப் பருவம் முடிந்ததும் அடங்கிவிடுவாள்.

இந்தக் குளிர்காலம் பனி இறுகி மந்தையில் பாதிக்கு மேல் செத்தது. மிச்சத்தை லுவ்சான் வீட்டோடு சேர்த்துவிட்டு நகரத்துக்கு வருகிறேன் என்று யஞ்சிமா ஒப்புக்கொண்டாள். வெளிறிக்கும் வயதாகிவிட்டது, திமில்கள் இரண்டும் சரிந்து தொங்கின. லுவ்சான் போன பிறகு அவள் கட்டப்பட்ட காலோடு மேற்கே பார்த்து நிற்பதைக் கண்டு யஞ்சிமாவுக்கு மனசு கேட்கவில்லை. நான்தான் இந்த மண்ணை விட்டுப் போகிறேன், இவளாவது பிறந்த மண்ணைப் பார்த்துவிட்டுச் சாகட்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டி அங்கிக்குள் போட்டுக்கொண்டாள்.

"போடி. லாரிப் பாதை வரைக்கும் கூட வரேன், அடிச்சிடுவானுங்க."

பிளாஸ்கில் தேநீர் நிரப்பி, இன்னொரு ஒட்டகத்தில் ஏறிப் பின்னால் போனாள். வெளிறி திரும்பிப் பார்க்கவே இல்லை. சரளை வெளியைக் கடந்து, காட்டுக்கழுதைகள் குளம்பால் தோண்டித் தண்ணீர் குடிக்கிற காய்ந்த ஆற்றைக் கடந்து, மதியத்துக்கு லாரிப் பாதைக்கு வந்தாள். கரிலாரிகள் ஓய்ந்த இடைவெளியில் தாண்டினாள். யஞ்சிமா அங்கேயே திரும்பியிருக்கலாம். வெறும் கூடாரத்துக்குத் திரும்ப மனமில்லாமல், இன்னும் கொஞ்ச தூரம் என்று தானும் தாண்டினாள்.

பாதைக்கு அப்பால் கருங்குன்றுகளுக்கு நேர் வழி இருந்தது. வெளிறி அதில் போகவில்லை. கள்ளிபோல் முறுக்கிக்கொண்ட சக்சால் மரங்கள் நிற்கிற பக்கம் திரும்பி, அங்கிருந்து ஒரு வறண்ட பள்ளத்துக்குள் இறங்கினாள். "எங்கடி போற? உன் ஊரு அந்தப் பக்கம்," என்று யஞ்சிமா கத்தினாள்.

கத்திய வாய் அப்படியே நின்றது. பழைய கான்களைப் புதைத்த கதை அவளுக்கு நினைவு வந்தது. மன்னனைப் புதைத்து, மேலே குதிரைகளை ஓட்டி அடையாளத்தை அழித்துவிடுவார்கள். ஆனால் அந்த இடத்தில் தாய் ஒட்டகத்தின் கண்ணெதிரே அதன் குட்டியைக் கொல்வார்கள். அடுத்த வசந்தத்தில் தாயை அவிழ்த்துவிட்டால் அது நேராகப் போய் அந்த இடத்தில் நின்று அழும். கதை எல்லாருக்கும் தெரியும். அவளே ஓச்சிருக்குச் சொல்லித் தூங்கவைத்திருக்கிறாள். கதையில் வருவது தன் வீட்டில் நடக்கும் என்று யார் நினைக்கிறார்கள்?

பள்ளத்தின் கரையடியில், சக்சால் வேர்களுக்குக் கீழே, வெளிறி நின்றாள். இந்தக் குளிர்காலத்துக் காற்று அங்கே மணலை அரித்திருந்தது. நீலத்துணி கொஞ்சம் வெளியே தெரிந்தது. யஞ்சிமா இறங்கிக் கையால் மணலை விலக்கினாள். தோளில் பச்சைப் பட்டுத்துண்டு வைத்துத் தைத்த ஒட்டு. அவள் தைத்ததுதான். நூல் போதாமல் கடைசி இரண்டு தையலைக் கறுப்பு நூலில் போட்டிருந்தாள்.

அங்கிக்குள் தம்தின் இல்லை. அதில் சுற்றிக் கட்டியிருந்தது ஒட்டகக் குட்டியின் சின்ன எலும்புகள். அவன் அதற்கு அந்தப் பக்கம், காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி, வெறும் சட்டையோடு ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கை குட்டிமேல் இருந்தது.

"முட்டாளே," என்றாள் யஞ்சிமா. "அங்கியக் கழட்டிக் குட்டிக்குப் போத்துவாங்களா? நீ என்ன பண்ணுவேன்னு யோசிச்சியா? நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சியா?"

வெளிறி கழுத்தைத் தாழ்த்தி அங்கியை மோந்து, வயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். செத்தவருக்காக அழுதால் கண்ணீர் அவர் போகும் வழியில் ஆறாக நின்று மறிக்கும் என்பார்கள். ஆறே ஓடாத நாட்டில் இப்படி ஒரு பயம். இவன் போய் எட்டு வருஷமாகிவிட்டது, கடந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டு யஞ்சிமா வாய்விட்டு அழுதாள். ஓடிப்போனான் என்று தானும் பாதி நம்பியதற்காக அழுதாள். கடைசியாகச் சொன்ன வார்த்தைக்காக அழுதாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து முதல் மூடித் தேநீரை அவன் பக்கத்தில் மணலில் ஊற்றினாள். அடுத்ததைத் தான் குடித்தாள். அது நாக்கைச் சுட்டது.

காற்று அடங்கி ஓச்சிர் லாரியோடு வந்தபோது லுவ்சானும் வந்திருந்தான். கூடாரத்தின் கம்பளிகளை மூன்று பேருமாகச் சுருட்டி ஏற்றினார்கள். லுவ்சான் தோள்பட்டை எலும்பு ஒன்றைத் தேடிப் பொறுக்கி எடுத்துவந்து நீட்டினான். அவளுக்காக இன்று வாயைத் திறந்து அந்தப் பெயரையும் சொன்னான்.

"மறந்துட்டியே அக்கா. தம்தின் வந்தா வழி..."

"அந்தப் பேரச் சொல்லாதடா."

லுவ்சான் எலும்பைக் கீழே வைத்தான். லாரி மேலிருந்த ஓச்சிர் கயிற்றை விட்டுவிட்டு இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி அம்மா முன்னால் நின்றான்.

"எங்கம்மா?"

"லாரிப் பாதைக்கு அந்தப் பக்கம். ஒரு நாள் வழி. கூட்டிட்டுப் போறேன், அப்புறம் டவுனுக்குப் போவோம்." அவன் தோளில் கை வைத்தாள். "வருஷா வருஷம் வெளிறி என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா ஓச்சிர். வழி தெரிஞ்சவ கால நான்தான் கட்டிப் போட்டேன்."

லாரியில் ஏறும் முன்பு அங்கிக்குள்ளிருந்து அந்த மயிர்க்கயிற்றை எடுத்து லுவ்சானிடம் கொடுத்தாள்.

"மூட்டை கட்டறதுக்கு வச்சிக்கோ. வசந்தம் வந்தா அவ போவா, போயிட்டு வந்துடுவா. கட்டாத."

லுவ்சான் சரியென்று தலையாட்டினான். சற்றுத் தள்ளி வெளிறி தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தாள்.